நெல் ஈரப்பதமானிக்கு ஜிபிஎல் போட்டால் போதுமா?

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும் ஆண்டுகளில் டெல்டாவில் எல்லோர் வாயிலும் ஒரு எண் இருக்கும்: 17. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்கும் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை கூடிப்போனால் வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், அதிகாரிகள் குழு வந்து பார்க்கும். அதுவரை நிலையத்து மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. களத்தில் நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறவர் கையில் மீட்டர் இருப்பது அபூர்வம். நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று அவர் முடிவு செய்கிறார்.

மன்னார்குடிப் பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு மாணவி, அப்பாவின் களத்துக்காக ஒரு ஈரப்பதமானி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் குவளை, அதற்குள் எதிரெதிராக இரண்டு உலோகத் தகடுகள். குவளையில் நெல்லைக் கொட்டினால் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் மாறும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி (அந்தத் திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) சுமார் 80. காய்ந்த தானியத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் நெல்லில் நீர் கூடக்கூட அளவும் கூடும். அந்த அளவைப் படித்துச் சதவீதமாக மாற்றித் திரையில் காட்ட மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு சின்னக் கணினிச் சிப் போதும்.

சர்க்யூட்டை கிகேட் என்ற கட்டற்ற மென்பொருளில் வரைந்தார். பெட்டியை ஃப்ரீகேடில் வடிவமைத்து முப்பரிமாண அச்சில் எடுத்தார். நிரலையும் அவரே எழுதினார். ஏடிடி 43 போன்ற சன்ன ரகத்துக்கும் சிஆர் 1009 போன்ற மோட்டா ரகத்துக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது என்பதால், ரகவாரியாக நெல்லை உலர்த்தி, எடைபோட்டு, ஒரு அளவீட்டு அட்டவணையும் தயாரித்தார். இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று இணையத்தில் போட நினைக்கிறார். இன்ன நிபந்தனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமங்களில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் வழியாகக் கேள்விப்பட்ட ஜிபிஎல் என்ற பொது உரிமம். அதையே இந்த மீட்டருக்கும் போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் அது எதைக் கட்டுப்படுத்தும், எது அதன் கைக்கு அகப்படாது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ஒன்றுமே போடாமல் விட்டால்

"இணையத்தில் போட்டாச்சு, இனி யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமையும் பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்தவர் வாழும் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். கணினி நிரல் இந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பாகவும், வரைபடமும் விளக்கப்படமும் கலைப் படைப்பாகவும் கணக்கில் வருகின்றன. ஆக, மாணவியின் நிரல், சர்க்யூட் படம், பெட்டியின் வரைபடம் எல்லாமே அவருக்குப் பதிப்புரிமை உள்ளவை. உரிமம் எதுவும் சொல்லாவிட்டால், அவற்றை நகலெடுக்கவோ மாற்றி வெளியிடவோ மற்றவருக்கு அனுமதி இல்லை என்றே பொருள்.

கல்லூரிகளில் இறுதியாண்டுப் புராஜெக்ட் என்று ஒவ்வொரு ஆண்டும் எத்தனையோ நல்ல கருவிகள் செய்யப்படுகின்றன. கோப்புகளைப் பொதுவில் போடும் பிள்ளைகளும் உரிமம் என்ற ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பகிர வேண்டும் என்ற மனசு இருந்தும், எடுக்க நினைக்கிறவருக்கு அனுமதி இல்லாமல் போகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். எந்த உரிமம் சிறந்தது என்ற விவாதத்துக்கு அப்புறம் வரலாம். தெளிவான ஏதோ ஒரு திறந்த உரிமம், உரிமமே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

ஜிபிஎல் எதன் மேல் நிற்கிறது

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் கட்டற்ற மென்பொருளுக்கான ஜிஎன்யூ திட்டத்தை அறிவித்தார். அதன் பொது உரிமமான ஜிபிஎல்லின் முதல் பதிப்பு 1989-ல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1991-ல், மூன்றாம் பதிப்பு 2007-ல். அதன் உள்ளடக்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: நிரலை எதற்கும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் மற்றவருக்குக் கொடுக்கும்போது இதே உரிமத்தோடும் மூலநிரலோடும் கொடுக்க வேண்டும். வாங்கியவர் வேலிபோட்டு அடைத்துக்கொள்ள முடியாது.

டெல்டாக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் பாரம்பரிய ரகத்தில் 2 கிலோ விதை கொடுப்பார்கள். வாங்கிப்போனவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். விளைந்த நெல்லை அவர் விற்கலாம், சாப்பிடலாம், அதில் யாரும் தலையிடுவதில்லை. விதை மட்டும் ஓரிடத்தில் தேங்கிவிடக் கூடாது. மென்பொருளில் இந்த வகை நிபந்தனைக்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற உரிமங்களில் இது இல்லை. அவை பெயரையும் உரிம வாசகத்தையும் விட்டுவைத்தால் போதும் என்கின்றன, எடுத்தவர் தன் மாற்றங்களை மூடிவைத்துக்கொள்ளலாம்.

திருவிழாவில் வாங்கிய விதையைத் திருப்பித் தரவைப்பது ஊரும் உறவும் வாக்கும். ஜிபிஎல்லில் அந்த வேலையைச் செய்வது பதிப்புரிமைச் சட்டம். "என் அனுமதி இல்லாமல் நீ இதை நகலெடுக்கவே முடியாது. இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டால் அனுமதி தருகிறேன்" என்பதுதான் அதன் அடிப்படைத் தர்க்கம். அப்படியானால், எங்கே பதிப்புரிமை செல்லுபடியாகாதோ அங்கே ஜிபிஎல்லின் நிபந்தனையும் செல்லாது. வன்பொருளில், அதாவது கையில் தொடும் கருவியில், சிக்கல் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

படத்துக்கு உரிமை உண்டு, பொருளுக்கு?

மாணவியின் கோப்புகளை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டாயிற்று. தஞ்சாவூரில் மின்னணுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதைப் பார்க்கிறார். மூன்று விதமான வேலைகளை அவர் செய்யக்கூடும்.

ஒன்று, கிகேட் கோப்பை எடுத்து, கொஞ்சம் மாற்றி, தன் பெயரில் வேறொருவருக்குக் கொடுக்கிறார். இது சந்தேகமே இல்லாமல் நகலெடுப்பு. ஜிபிஎல் முழு வலுவோடு பொருந்தும்.

இரண்டு, கோப்பில் இருக்கும் செப்புத் தடங்களின் அமைப்பை அப்படியே பிசிபியாக (பாகங்களைப் பொருத்தும் மின்சுற்றுப் பலகையாக) அச்சிட்டு, பாகங்களைச் சால்டர் வைத்து, மீட்டராக விற்கிறார். இங்கே வாதத்துக்கு இடம் உண்டு. தடங்களின் அமைப்பு வரைபடத்தின் பிரதிதான் என்று ஒரு பக்கம் சொல்லலாம். மறுபக்கம், 2012-ல் நம் சட்டத்தில் சேர்த்த ஒரு விதிவிலக்கைக் காட்டலாம். பிரிவு 52(1)(டபிள்யூ), தொழில்நுட்ப வரைபடம் போன்ற இருபரிமாணப் படைப்பிலிருந்து, பயன்படும் கருவி ஒன்றின் முழுக்கச் செயல்பாட்டுக்கான பகுதியைத் தொழில்முறையில் முப்பரிமாணப் பொருளாகச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. வரைபடத்தைப் பார்த்துக் கருவி செய்கிறவருக்குப் பதிப்புரிமை அனுமதியே தேவைப்படாத சூழல் உண்டு என்றால், அந்த அனுமதியோடு கட்டிவைத்த நிபந்தனையும் அங்கே அவரைக் கட்டாது.

மூன்று, சர்க்யூட் படத்தைப் பார்த்து எந்தக் கால் எதோடு இணைகிறது என்று புரிந்துகொண்டு, தானே புதிதாக வரைகிறார். இதை ஜிபிஎல்லால் தொடவே முடியாது. இணைப்பு முறை என்பது ஒரு யோசனை, ஒரு வேலைசெய்யும் வழி. பதிப்புரிமை வெளிப்பாட்டைத்தான் காக்கும், யோசனையை அல்ல. யோசனைக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் பேட்டன்ட் வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பம், ஆய்வு, கட்டணம் எல்லாம் உண்டு, கிடைத்தால் 20 ஆண்டுகள் நிற்கும். தகடுகளுக்கு நடுவே தானியத்தை வைத்து ஈரம் அளப்பது ஏற்கெனவே உலகறிந்த முறை, ஆகவே அந்த வழியும் மாணவிக்குத் திறந்திருக்காது.

ஸ்டால்மனே 2015-ல் கட்டற்ற வன்பொருள் பற்றி எழுதியபோது இந்த வரம்பை ஒப்புக்கொண்டார். சர்க்யூட்டின் இணைப்பு அமைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது, அதன் படத்துக்கும் பலகையில் தடங்களின் அமைப்புக்கும்தான் உண்டு, ஆகவே காப்பிலெஃப்ட்டின் பலம் இங்கே குறைவு என்றார். ஆனாலும் வடிவமைப்புக் கோப்புகளுக்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பைப் போடலாம், அதனால் ஓரளவு நன்மை உண்டு என்பதும் அவர் கருத்து.

மூன்றாம் பதிப்பு என்று அவர் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதன் தொடக்க விளக்கத்திலேயே, பதிப்புரிமை என்ற சொல் குறைக்கடத்தி முகமூடிகள் (சிப் தயாரிக்க உதவும் அச்சுப்படங்கள்) போன்றவற்றுக்கான பதிப்புரிமை போன்ற சட்டங்களையும் குறிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். சிப் உலகத்தை மனத்தில் வைத்துச் சேர்த்தது அது. நம் நாட்டிலும் சிப்பின் உள்ளமைப்புக்கு 2000-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. மாணவி செய்வது போன்ற சாதாரண பிசிபிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

பெட்டியின் கதை இன்னொரு தினுசு. பொருளின் தோற்றத்துக்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அந்தச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அந்தப் பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவத்தின் மேல் பதிப்புரிமை அத்தோடு முடிந்தது என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. கவனியுங்கள்: மாணவியின் அனுமதியோடு பட்டறைக்காரர் 51-ஆவது பெட்டியை அச்சிடும்போது, அந்தப் பெட்டியின் வடிவத்தை ஜிபிஎல் பிடித்துக்கொண்டிருந்த கயிறே அறுந்துபோகலாம். பொறியியல் வரைபடம் எப்போது கலைப் படைப்பு, எப்போது பதிவு செய்ய வேண்டிய வடிவம் என்று பிரிப்பது வக்கீல்களுக்கே கடினம். திரவ எரிவாயு ஏற்றிச்செல்லும் டிரெய்லர்களின் வரைபடங்கள் தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு சோதனை வகுத்துக் கொடுத்தது. அது தனிக் கலைப் படைப்பா, அல்லது அதிலிருந்து பிறந்து தொழில்முறையில் பொருளின் மேல் ஏற்றிய வடிவமா என்று முதலில் பார்க்க வேண்டும். தனிக் கலைப் படைப்பு இல்லை என்றால், அதில் மேலோங்கி நிற்பது பயன்பாடா அழகா என்று பார்க்க வேண்டும்.

மூலம் என்பது எது?

ஜிபிஎல்லை வன்பொருளுக்கு எடுத்துவரும்போது நடைமுறையில் அதிகம் இடறுவது இந்தக் கேள்வியில்தான். மூலநிரல் என்றால் மாற்றம் செய்வதற்கு மிகவும் வசதியான வடிவம் என்று ஜிபிஎல் வரையறுக்கிறது. மூலம் அல்லாத எந்த வடிவமும் அதன் கண்ணில் இலக்கு நிரல்தான், அதாவது இயந்திரத்துக்குக் கொடுக்க மட்டும் ஏற்ற வடிவம். இந்த வரையறை வன்பொருளுக்கு அழகாகவே பொருந்துகிறது.

பிசிபி தயாரிப்பாளருக்கு நாம் அனுப்புவது கெர்பர் கோப்புகளை. ஒவ்வொரு அடுக்கிலும் செம்பு எங்கே, துளை எங்கே என்று மட்டும் சொல்லும் கோப்புகள் அவை. அவற்றை வைத்துப் பலகை செய்யலாம். ஆனால் ஒரு மின்தடையின் மதிப்பை மாற்றி, பேட்டரியை வேறு பக்கம் வைத்து, தடங்களைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே கெர்பர் இலக்கு நிரலுக்குச் சமம். மாற்றக்கூடிய மூலம் கிகேட் கோப்பு. சர்க்யூட்டை பிடிஎஃப் ஆக மட்டும் போட்டுவிட்டுத் "திறந்த வன்பொருள்" என்று சொல்வதும் சரியில்லை. படத்தைப் பார்க்கலாம், திருத்த முடியாது.

பெட்டிக்கும் இதே கணக்குதான். முப்பரிமாண அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் கோப்பு வெறும் முக்கோணங்களின் குவியல். குவளையை 5 மில்லிமீட்டர் அகலமாக்க நினைப்பவருக்கு ஃப்ரீகேட் கோப்பு வேண்டும். பாகங்களின் பட்டியலும் மூலத்தில் சேர்த்தி. எந்த மின்தேக்கி, எத்தனை வோல்ட், எந்த மாதிரி எண் என்று தெரியாமல் யாரால் திரும்பச் செய்ய முடியும்? அளவீட்டு அட்டவணையும் அதைத் தயாரித்த முறையும் இல்லாவிட்டால் மீட்டர் ஒரு எண்ணைக் காட்டும், அது ஈரப்பதமாக இருக்காது. என்னைக் கேட்டால், உரிமத்தின் பெயரைவிட இந்த முழுமைதான் முக்கியம். மூலக்கோப்பு எதுவும் விடுபடாமல் போட்டு, எளிய உரிமம் வைத்த திட்டம் நாலு ஊருக்குப் பரவும். கடுமையான காப்பிலெஃப்ட் உரிமத்தோடு பிடிஎஃப் மட்டும் போட்ட திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஜிபிஎல் வன்பொருளில் தடுமாறும் இன்னொரு இடமும் உண்டு. மென்பொருளில் ஒரு முழு நிரலுக்கு உரிய மூலம் அனைத்தையும் கொடு என்று அது கேட்கிறது. மீட்டரில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்தது. அதன் உள்ளமைப்பை யாரும் தரப்போவதில்லை. அதையும் மூலத்தில் சேர்க்க வேண்டுமா? கடையில் வாங்கும் பாகம், நாமே வடிவமைத்த பாகம் என்ற பிரிவினையே மென்பொருளை நினைத்து எழுதிய அந்த உரிமத்தில் இல்லை.

வன்பொருளுக்கென்று எழுதிய உரிமங்கள்

இந்தக் குறைகளைப் பார்த்துத்தான் தனி உரிமங்கள் வந்தன. அமெரிக்காவின் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அமைப்பான டாப்பர் 2007-ல் ஒன்றை வெளியிட்டது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகம் தன் மின்னணுப் பலகைகளுக்காக 2011-ல் செர்ன் திறந்த வன்பொருள் உரிமத்தைக் கொண்டுவந்தது. 2020-ல் அதன் இரண்டாம் பதிப்பு மூன்று வகையாக வந்தது. எஸ் வகை வலுவான காப்பிலெஃப்ட். டபிள்யூ வகை மென்மையானது, இந்த வடிவமைப்பில் செய்யும் மாற்றங்களை மட்டும் திறந்தால் போதும், இதை உள்ளே வைத்துச் செய்யும் பெரிய கருவி முழுவதையும் திறக்க வேண்டாம். பி வகையில் திருப்பித் தரும் நிபந்தனை கிடையாது.

எஸ் வகையில் எனக்குப் பிடித்த ஏற்பாடுகள் இரண்டு. யார் வேண்டுமானாலும் வாங்கக் கிடைக்கும் பாகத்தின் உள் மூலத்தை அது கேட்பதில்லை. சிப் பற்றி மேலே எழுந்த கேள்விக்கு அங்கே நேரடியான பதில் இருக்கிறது. அடுத்து, செய்த பொருளைக் கைமாற்றும்போதும், வாங்குகிறவருக்கு முழு மூலத்தையோ அது கிடைக்கும் இடத்தையோ கொடுக்கச் சொல்கிறது. அந்த முகவரியை பிசிபியின் மேலேயே வெள்ளை எழுத்தில் அச்சிட்டுவிடலாம். ஐந்து ஆண்டு கழித்து நீடாமங்கலத்தில் ஒரு மெக்கானிக் பழுதான மீட்டரைத் திறக்கிறார். முகவரி பலகையிலேயே இருக்கிறது. போனில் தட்டினால் சர்க்யூட் படம் வந்துவிடும்.

செர்ன் உரிமம் பேட்டன்ட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வடிவமைப்பைக் கொடுத்தவர் பிறகு பேட்டன்ட்டைக் காட்டி வழக்குப் போட முடியாது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும் அப்பாச்சி 2.0-விலும் இப்படிப்பட்ட விதி உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பேட்டன்ட்டைத் தொடுவதில்லை, ஆகவே அவை கையேட்டுக்கு நல்லவை, சர்க்யூட்டுக்கு அரைகுறை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எந்த உரிமமும் இல்லாத உரிமையை உண்டாக்கிவிடாது. பட்டறைக்காரர் சர்க்யூட்டைப் புரிந்துகொண்டு தானே புதிதாக வரைந்தால், செர்ன் உரிமமும் அவரைக் கட்டாது. பிசிபி அமைப்பு முழுவதையும் மறுபடி வரைந்து, நிரலையும் புதிதாக எழுதி, அட்டவணையையும் திரும்பத் தயாரிக்கும் சிரமத்தை யார் எடுப்பார் என்பதில்தான் நடைமுறைப் பாதுகாப்பு இருக்கிறது. பெரும்பாலோர் கோப்பையே எடுப்பார்கள். எடுத்தால் உரிமம் பொருந்தும்.

வெளியுலகில் நடந்தது

மென்பொருள் உரிமத்தை வன்பொருளுக்குப் போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ரெப்ராப் என்ற முப்பரிமாண அச்சு இயந்திரம் ஜிபிஎல்லில்தான் வந்தது. இன்று மேசைமேல் வைக்கும் மலிவான அச்சு இயந்திரங்கள் பலவும் அதன் வழித்தோன்றல்கள், மாணவி தன் பெட்டியை எடுத்த இயந்திரமும் அதில் ஒன்றாக இருக்கக்கூடும். உரிமத்தின் பலவீனம் தெரிந்ததும் அதே வழியில்தான். ரெப்ராப்பிலிருந்து வளர்ந்த ஜோசப் ப்ரூசா, எடுத்துக்கொள்கிற நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை, இருக்கும் உரிமங்கள் இதற்குப் போதவில்லை என்று 2023-ல் வெளிப்படையாகவே எழுதினார்.

சிப் வடிவமைப்பில் நிலைமை மேல். அங்கே வடிவமைப்பே நிரல் மாதிரி எழுத்தாக இருப்பதால் மென்பொருள் உரிமங்கள் நன்றாக ஒட்டுகின்றன. அமெரிக்கக் கணினி நிறுவனமான சன் 2006-ல் தன் கணினிச் செயலி (பிராசசர்) ஒன்றின் வடிவமைப்பை ஓப்பன்ஸ்பார்க் என்ற பெயரில் ஜிபிஎல்லில் வெளியிட்டது. நம் சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலி பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து, தன் சிப்பில் வைத்து, மாற்றத்தை மூடியும் வைத்துக்கொள்ளலாம்.

மீட்டரைப் பிரித்துப் பார்த்தால்

ஆக, ஒரே உரிமத்தை மொத்த மீட்டருக்கும் போடுவதைவிட, பகுதி பகுதியாகப் பிரிப்பதே தெளிவு. மாணவிக்கு நான் சொல்வது இது. நிரலுக்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, அதில் யோசிக்கவே வேண்டாம். சர்க்யூட்டுக்கும் பெட்டிக்கும் செர்ன் எஸ் வகை. கையேட்டுக்கும் படங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர் குறிப்பிடல், அதே விதத்தில் பகிர்தல் என்ற உரிமம். அளவீட்டு அட்டவணை வெறும் அளந்த உண்மைகள். அதற்கு எந்த உரிமையும் கோரவில்லை என்ற அறிவிப்பான சிசி ஜீரோ போதும், ஆடுதுறையிலோ ஆந்திராவிலோ யாராவது தங்கள் ரகத்தைச் சேர்க்க எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கோப்புறையிலும் அந்தந்த உரிமத்தின் முழு வாசகத்தையும், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வரிக் குறிப்பையும் வைத்துவிட்டால் குழப்பம் வராது. நிரலும் பலகையும் தனித்தனிப் படைப்புகள் என்பதால் இரண்டு உரிமங்கள் அருகருகே இருப்பதில் சிக்கல் இல்லை.

உரிமம் போடும் முன், போட நமக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். வேலைக்காகச் செய்ததில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிதான் முதல் உரிமையாளர். மாணவர் ஊழியர் அல்ல, ஆனால் கல்லூரிக்குச் சொந்தக் கொள்கை இருக்கலாம், துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கிவிடுவது நல்லது. இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்த பாகப் படங்களுக்கு அவற்றின் நிபந்தனைகள் உண்டு. கிகேட்டின் சொந்த நூலகம் இதில் தாராளம். அதை வைத்துச் செய்த வடிவமைப்பை அந்த நூலகத்தின் உரிமம் கட்டாது என்று விதிவிலக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். யாரோ நம் உழைப்பில் காசு பார்க்கிறார்களே என்ற ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் சேர்க்காதீர்கள். திறந்த வன்பொருளின் பொதுவான வரையறைப்படி அப்படி ஒரு தடை இருந்தால் அது திறந்த வடிவமைப்பே அல்ல. அதைவிடப் பெரிய காரணம் இங்கேயே இருக்கிறது. மென்பொருளை நகலெடுக்கக் காசு ஆகாது. மீட்டரைச் செய்யப் பாகம் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். களத்தில் நிற்கிற விவசாயி சால்டரிங் அயர்ன் எடுத்துத் தானே செய்யப்போவதில்லை. பட்டுக்கோட்டையிலோ திருவாரூரிலோ ஒரு பட்டறைக்காரர் இருபது முப்பது செய்து, நியாயமான லாபம் வைத்து விற்றால்தான் அது விவசாயியின் கைக்கு வரும். அந்த வரி முதலில் தடுப்பது அந்தப் பட்டறைக்காரரைத்தான்.

தன் மீட்டரின் பெயரை வேறொருவர் மட்டமான சரக்குக்கு ஒட்டிவிடுவாரோ என்ற பயத்துக்கு வழி வேறு. பெயரும் சின்னமும் டிரேட்மார்க்கின் கீழ் வருபவை. மாணவர்கள் பயன்படுத்தும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. பலகையின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது, யாரும் நகல் செய்து விற்கலாம், ஆனால் ஆர்டுயினோ என்ற பெயரை அதன்மேல் போட முடியாது.

கடைசியாகப் பொறுப்பு. மேற்சொன்ன உரிமங்கள் எல்லாவற்றிலும் உத்தரவாதம் கிடையாது என்ற வாசகம் உண்டு. கோப்பைக் கொடுத்தவருக்கு அது ஓரளவு கவசம். செய்து விற்கிறவருக்கு அது கவசம் ஆகாது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளுக்கான பொறுப்பு தயாரிப்பாளர் மேலும் விற்பவர் மேலும் வருகிறது. பேட்டரியில் ஓடும் ஈரப்பதமானியில் ஆபத்து குறைவு. இதே மாணவி அடுத்து 415 வோல்ட் மும்முனை மோட்டாருக்குப் போனில் இயங்கும் ஸ்டார்ட்டர் செய்தால், காப்பு இடைவெளி, ஃபியூஸ், எர்த் பற்றிய குறிப்புகளையும் எதைச் சோதிக்கவில்லை என்பதையும் மூலக்கோப்போடு சேர்த்தே எழுத வேண்டும். களத்து மீட்டருக்கும் ஒரு குறிப்பு அவசியம்: இது வீட்டில் பார்த்துக்கொள்வதற்கு, கொள்முதல் நிலையத்தில் அங்குள்ள மீட்டரின் அளவே செல்லும்.